சேவையா, வேலையா? செவிலியர் கூலியும் சாதியின் கணக்கும்



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவர்களைப் போற்றிவிட்டுக் கலைந்து போவது என்றாகிவிட்டது. அவர்கள் எழுப்பிய கேள்வியை இன்றைய ஒரு வேலையிடத்தில் வைத்துப் பார்ப்பதே அவர்களுக்கு நாம் செலுத்தும் மரியாதை என்று நினைக்கிறோம். இந்த ஆண்டு நாம் எடுத்துக்கொண்டிருக்கும் வேலையிடம் ஆஸ்பத்திரி. அதிலும் செவிலியரின் கூலி.

மதுரைப் பக்கத்துக் கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கலாம். தோப்பூரில் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். எய்ம்ஸ் நிறுவனங்களில் வேலைக்குச் சேரும் செவிலியருக்குத் தொடக்க அடிப்படை ஊதியம் 44,900 ரூபாய். அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் அதற்கு மேல். அதே மாவட்டத்தின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொகுப்பூதியத்தில் வேலை பார்க்கும் செவிலியருக்கு மாநில அரசு கொடுப்பது, 2022-ல் உயர்த்திய பிறகும், 18,000 ரூபாய். முன்னதில் நூற்றுக்கு நாற்பது. நகரத்துச் சிறு தனியார் மருத்துவமனைக்குப் போனால் சம்பளம் எவ்வளவு என்று எந்த நோட்டீஸ் போர்டிலும் இருக்காது. அந்த 18,000-ஐயும் தொடாத இடங்கள் பல.

மூவரும் ஒரே பாடத்திட்டத்தில் படித்தவர்கள், குழுமத்தில் பதிவு பெற்றவர்கள். போடுகிற ஊசியும் ஏற்றுகிற குளுக்கோஸும் விழிக்கிற இரவும் ஒன்றுதான். கூலி மட்டும் மூன்றாக இருப்பது ஏன்? அரசிடம் பணமில்லை, தனியாருக்குக் கட்டுப்படியாகவில்லை என்ற பதில்கள் உடனே வரும். அவை முழுப் பதில் அல்ல. சில வேலைகளை 'சேவை' என்று பெயரிட்டு, கூலி கேட்பதையே குற்றமாக்கும் பழக்கம் இந்தச் சமூகத்தில் வெகுகாலமாக இருக்கிறது. அந்தப் பழக்கத்தின் பெயர் சாதி. செவிலியரின் கூலிக் கணக்கு அதன் புதிய பக்கம் என்பதுதான் இன்று நாம் சொல்ல வந்தது.

தொட்டவர்கள் யார்?

நம் ஊர்களில் ஆஸ்பத்திரி வருவதற்கு முன் பேறுகாலம் பார்த்தவர்கள் பெரும்பாலும் மருத்துவர் என்று அழைக்கப்பட்ட நாவிதர் சமூகத்துப் பெண்களும் தலித் பெண்களும்தான். பிள்ளை எடுப்பது, தொப்புள் கொடி அறுப்பது, நஞ்சுக்கொடி புதைப்பது, தீட்டுத் துணி வெளுப்பது எல்லாமே தீட்டு வேலை. தீட்டு வேலைக்குக் கூலி நிர்ணயம் கிடையாது. நாலு படி நெல், ஒரு பழைய சேலை, வெற்றிலை பாக்கு. வீட்டுக்காரர் மனம் வைத்துக் கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும். புதுச்சேரி அருகே வாழ்ந்த வீரம்மா என்ற தலித் விவசாயக் கூலிப் பெண் பிரசவமும் பார்த்தவர். அவர் சொல்லச் சொல்ல ஜோசியான் ரசீன் பதிவுசெய்த வாழ்க்கைக் கதை 1990-களில் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் நூலாக வந்தது. பிரசவ அறையில் தேவைப்படுகிற கை, வாசலில் தீட்டாகிவிடும் முரணை அறிய விரும்பும் மாணவர்கள் அதைத் தேடிப் படிக்க வேண்டும்.

நவீன செவிலியப் பயிற்சி இந்தியாவில் முதன்முதலாகத் தொடங்கிய இடங்களில் ஒன்று சென்னை அரசுப் பொது மருத்துவமனை. ஆண்டு 1871. பதிவுக்கான சட்டம் இந்த மாகாணத்தில் 1926-ல் வந்தது. ஆனால் அந்நியரின் உடலைத் தொடுவது, மலமும் சலமும் எடுப்பது, ஆண்கள் இருக்கும் வார்டில் இரவு தங்குவது ஆகிய மூன்றுக்கும் சாதி இந்துக் குடும்பங்கள் தங்கள் பெண்களை விடவில்லை. வந்தவர்கள் ஆங்கிலோ இந்தியப் பெண்கள், கிறித்தவப் பெண்கள், விதவைகள். மதுரையில் அமெரிக்க மதுரா மிஷன் நடத்திய மருத்துவமனைகளும், தென் தமிழகத்தின் பிற மிஷன் மருத்துவமனைகளும் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து மதம் மாறிய குடும்பங்களின் பெண்களுக்கு இந்தப் படிப்பைத் திறந்துவிட்டன. வெள்ளைச் சீருடை அவர்களுக்கு ஒரு விடுதலை என்பதை மறுக்க முடியாது. சேரியிலிருந்து கிளம்பிய ஒரு பெண்ணை ஊரே 'சிஸ்டர்' என்று கூப்பிட்டது சிறிய செய்தி இல்லை.

ஆனால் விடுதலையோடு ஒரு கயிறும் சேர்ந்து வந்தது. வேலைக்குப் பெயர் ஊழியம். தமிழில் இந்தச் சொல்லின் வரலாற்றைக் கவனியுங்கள். திருவிதாங்கூரில் ஊழியம் என்றால் ஒடுக்கப்பட்ட சாதிகள் அரசுக்கும் கோயிலுக்கும் கூலியில்லாமல் செய்ய வேண்டிய கட்டாய வேலை. அதே சொல் சபைகளில் இறைபணி ஆயிற்று. அரசு அலுவலகத்தில் உத்தியோகம் ஆயிற்று. அரசு ஊழியர் என்றால் இன்று சம்பளம், ஓய்வூதியம். செவிலியரின் ஊழியத்தில் மட்டும் பழைய அர்த்தம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'செவிலி' என்ற பெயரும் சங்க அகப்பாடல்களில் தலைவியை வளர்க்கும் தாய்க்கு உரியது. தாய் சம்பளம் கேட்பாளா என்ற கேள்வி பெயருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. ஆண்டுதோறும் மே 12 அன்று மெழுகுவர்த்தி ஏற்றி 'வெண்ணிற தேவதைகள்' என்று வாழ்த்துகிறார்கள். தேவதைக்குப் பசிக்காது, வாடகை கிடையாது, கல்விக் கடன் கிடையாது.

தொகுப்பூதியம் என்றால் என்ன?

அரசு வேலையில் இரண்டு வகை ஊதியம் உண்டு. காலமுறை ஊதியத்தில் ஆண்டுதோறும் ஊதிய உயர்வு, அகவிலைப்படி, விடுப்பு, பதவி உயர்வு, பணிக்காலத்துக்குப் பின் ஒரு பாதுகாப்பு எல்லாம் உண்டு. தொகுப்பூதியம் என்பது மொத்தமாக ஒரு தொகை. விலைவாசி ஏறினாலும் அது ஏறாது. பத்தாண்டு அனுபவம் உள்ளவரும் நேற்று வந்தவரும் ஒரே தொகைதான் வாங்குவார்கள்.

மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2012-ல் அமைக்கப்பட்டது. அது 2015-ல் 7,243 செவிலியர் இடங்களுக்குப் போட்டித் தேர்வு நடத்தியது. இட ஒதுக்கீட்டு முறைப்படி தேர்வானவர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு ஆண்டு முடிந்தால் காலமுறை ஊதியத்துக்கு மாற்றப்படுவோம் என்ற எதிர்பார்ப்போடு சேர்ந்தார்கள். 7,700-ஐ முப்பதால் வகுத்தால் ஒரு நாளைக்கு 257 ரூபாய் வரும். 2017-18-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்திருந்த நாள்கூலி 205 ரூபாய். மூன்று, நான்கு ஆண்டு படித்து, தேர்வெழுதி, நடு இரவில் பிரசவம் பார்க்கும் ஒருவருக்கும் கண்மாயில் மண் வெட்டும் அவருடைய அம்மாவுக்கும் இடையே அரசு வைத்த வித்தியாசம் 52 ரூபாய். மண் வெட்டும் வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்தக் கூலியும் போதாது. படித்தால் கூலி உயரும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புகிறோமே, அந்த வாக்கு எங்கே போயிற்று என்றுதான் கேட்கிறோம்.

இரண்டு ஆண்டு கடந்தும் மாற்றம் வராததால் 2017 நவம்பர் இறுதியில் மாநிலம் முழுவதிலுமிருந்து செவிலியர் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் கூடி உட்கார்ந்தார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்கள் பலர். உயர்நீதிமன்றம் வேலைக்குத் திரும்பச் சொன்னது. போராட்டம் முடிந்தது. 2018-ல் தொகுப்பூதியம் 14,000 ஆயிற்று, 2022-ல் 18,000. கேட்டது பணி நிரந்தரம், கிடைத்தது தொகை உயர்வு. பகுதி பகுதியாக நிரந்தரம் ஆனவர்களும் உண்டு. 'காலியிடம் வரும்போது' என்பதே நிபந்தனை. காலியிடத்தை உருவாக்குவதும் உருவாக்காமல் இருப்பதும் அரசின் கையில்.

பிறகு கொரோனா வந்தது. 2020-ல் ஆறு மாத ஒப்பந்தத்தில் செவிலியரை அவசரமாக எடுத்தார்கள். பெற்ற பிள்ளையே பிணத்தைத் தொடப் பயந்த நாட்களில் பாதுகாப்பு உடைக்குள் வியர்த்துக்கொண்டு நின்றவர்கள் அவர்கள். ஒப்பந்தத்தை நீட்டித்து நீட்டித்து, 2022 டிசம்பர் 31 அன்று 2,000-க்கும் மேற்பட்டவர்களை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். போராட்டத்துக்குப் பின் சொன்ன மாற்று வழி, மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் மூலம் மறுபடியும் ஒப்பந்த வேலை. அந்தச் சங்கங்களின் விளம்பரங்களை நம் மாணவர்கள் பார்த்திருப்பீர்கள். 11 மாதப் பணி, முற்றிலும் தற்காலிகம், எக்காலத்திலும் நிரந்தரம் கோர மாட்டேன் என்று எழுதித் தர வேண்டும். உரிமை கேட்க மாட்டேன் என்பதையே வேலைக்கான தகுதியாக வைக்கிறார்கள்.

குழந்தை பெற்றுக்கொள்வதற்கும் வழக்குப் போட வேண்டியிருந்தது. மகப்பேறு பலன் சட்டம் ஒப்பந்தச் செவிலியருக்கும் பொருந்தும் என்று 2024-ல் சென்னை உயர்நீதிமன்றம் சொன்ன பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. பிரசவ வார்டிலேயே வேலை பார்ப்பவர்களின் நிலை இது.

தனியார் மருத்துவமனையும் அளவுகோலும்

தனியார் துறைச் செவிலியரின் சம்பளம் பற்றி இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில் 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு குழு அமைக்கச் சொன்னது. அந்தக் குழுவின் பரிந்துரையை ஒவ்வொரு செயல்பாட்டாளரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். 200 படுக்கைக்கு மேல் உள்ள மருத்துவமனையில் மாநில அரசுச் செவிலியருக்கு இணையான சம்பளம். 100 படுக்கைக்கு மேல் என்றால் அதில் 10 விழுக்காட்டுக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை என்றால் 25 விழுக்காட்டுக்கு மேல் குறையக் கூடாது. 50 படுக்கைக்குக் கீழே எவ்வளவு சிறிய மருத்துவமனை ஆனாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது.

மத்திய அரசு இதை மாநிலங்களுக்கு அனுப்பியது. பரிந்துரை தானாகச் சட்டம் ஆகாது; மாநிலம் ஆணை போட வேண்டும். இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய முடிச்சு இருக்கிறது. தனியாருக்கு அளவுகோல் அரசுச் செவிலியரின் சம்பளம். அரசோ தன் செவிலியரில் ஒரு பகுதிக்கு 18,000 கொடுக்கிறது. அதாவது மிகச் சிறிய நர்சிங் ஹோம்கூட 2016-ல் கொடுத்திருக்க வேண்டிய தொகையை 2022-ல்கூட அரசு கொடுக்கவில்லை. அளவுகோலைக் கையில் வைத்திருப்பவரே அதை ஒடித்துவிட்டால் தனியாரிடம் எதைக் கொண்டு அளப்பது? தொகுப்பூதியச் செவிலியர் பிரச்சினையை அரசு ஊழியர் பிரச்சினை என்று தனியார் செவிலியர் ஒதுக்கிவிட முடியாது என்பதற்குக் காரணம் இதுதான்.

கேரளத்தில் இது எப்படி நகர்ந்தது என்று பார்ப்போம். 2011-ல் ஐக்கிய செவிலியர் சங்கம் உருவானது. மருத்துவமனை மருத்துவமனையாக வேலைநிறுத்தம் நடந்தது. பலராமன் குழு அமைந்தது. 2017-ல் மாநிலம் தழுவிய போராட்டம். 2018 ஏப்ரலில் 50 படுக்கை வரை உள்ள மருத்துவமனைக்கே 20,000 ரூபாய் அடிப்படை என்று குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கை வந்தது. நீதிமன்றம் கதவைத் தட்டியது, திறந்தது சங்கம். சென்னையிலும் 2012-ல் சில பெரிய தனியார் மருத்துவமனைகளின் செவிலியர் வேலைநிறுத்தம் செய்து ஊதிய உயர்வு பெற்றார்கள். அது மற்ற ஊர்களுக்குப் பரவவில்லை.

ஹார்வி மில் காலத்திலிருந்து தொழிற்சங்கம் பார்த்த மதுரையில் ஏன் பரவவில்லை? உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம், மேலூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் பெண்ணின் நிலையிலிருந்து பார்த்தால் புரியும். படிப்புக்கு வாங்கிய கடன் இருக்கும். சில இடங்களில் படித்த கல்லூரியும் வேலை பார்க்கும் மருத்துவமனையும் ஒரே அறக்கட்டளைக்குச் சொந்தம். மூலச் சான்றிதழ் நிர்வாகத்தின் அலமாரியில். இத்தனை ஆண்டு வேலை பார்ப்பேன் என்று பாண்ட். தங்குவது நிர்வாகத்தின் விடுதி; வேலையை இழந்தால் அன்றிரவே படுக்க இடமில்லை. நியமன உத்தரவு இல்லாததால் வேலை பார்த்ததற்கே சாட்சி இல்லை. போதாததற்கு, முழுப் பயிற்சி பெறாமல் ஆறு மாதம், ஓராண்டு உதவியாளர் படிப்பு முடித்த பெண்களை இன்னும் குறைந்த சம்பளத்தில் அதே வேலைக்கு வைத்துக்கொள்கிறார்கள். அந்தப் படிப்புகளில் சேருபவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று நமக்குத் தெரியும். தனியார் மருத்துவமனையில் இட ஒதுக்கீடு கிடையாது. ஆனால் அடிமட்ட வேலைக்கு எழுதப்படாத ஒதுக்கீடு உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆஸ்பத்திரியில் சங்கம் வைக்கலாமா என்ற கேள்வி, ஆஸ்பத்திரி ஒரு தொழிலா என்ற கேள்வியோடு கட்டப்பட்டது. 1960-ல் உச்ச நீதிமன்றம் ஆம் என்றது. 1970-ல் சப்தர்ஜங் வழக்கில் இல்லை என்றது. 1978-ல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் மறுபடியும் ஆம் என்றது. லாப நோக்கம் இல்லாவிட்டாலும், ஆட்களை வைத்து முறையாக நடத்தினால் அது தொழில். அங்கே வேலை செய்பவர் தொழிலாளர் சட்டத்தின் பாதுகாப்பைக் கேட்கலாம். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, தர்ம காரியங்களிலும் சமூக சேவையிலும் பெருமளவு ஈடுபடும் அமைப்புகளின் நிறுவனங்களைத் தொழில் என்ற வரையறைக்கு வெளியே வைக்கிறது. அறக்கட்டளைப் பெயரில் நடக்கும் மருத்துவமனைகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். 'சேவை' என்ற சொல் இப்போது சட்டத்துக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிட்டது. அதே தொகுப்பின்படி எந்தத் தொழில் நிறுவனத்திலும் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பாதிப் பேர் ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தம்தான்.

அரசுப் பக்கம் 2003-ஐ மறக்க முடியாது. அந்த ஆண்டு ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த ஏறத்தாழ 1,70,000 அரசு ஊழியர், ஆசிரியரை அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் தமிழக அரசு வேலைநீக்கம் செய்தது. அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தப் பயம் இன்னும் எல்லா அலுவலகத்திலும் இருக்கிறது. அதே உச்ச நீதிமன்றம் 2016-ல் ஜக்ஜித் சிங் வழக்கில், ஒரே வேலையைச் செய்யும் தற்காலிக ஊழியருக்கு நிரந்தர ஊழியரின் ஊதிய விகிதத்தில் குறைந்தபட்சத்தையாவது கொடுக்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. முதல் தீர்ப்பை எல்லா அதிகாரிகளும் நினைவில் வைத்திருக்கிறார்கள். இரண்டாவதை நினைவூட்டுவது நம் வேலை.

சங்கத்தை முதலாளி அங்கீகரித்தே ஆக வேண்டும் என்பதற்கான சட்டத் திருத்த மசோதாவை 1943 நவம்பரில் மத்திய சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர், அப்போது தொழிலாளர் துறைக்குப் பொறுப்பேற்றிருந்த பாபாசாகேப் அம்பேத்கர். பின்னர் 1947-ல் அப்படியொரு திருத்தம் நிறைவேறியும் நடைமுறைக்கு வரவே இல்லை. தலித் இயக்கத்துக்கும் தொழிற்சங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு செய்தி போதும்.

ஏணியின் கீழ்ப்படி

இனி நமக்கே கசப்பான பகுதி. ஆஸ்பத்திரி ஒரு ஏணி. மேலே மருத்துவர், அடுத்து செவிலியர், அதன் கீழ் உதவியாளர், ஆயா, வார்டு பணியாளர், எல்லோருக்கும் கீழே ஒப்பந்த நிறுவனத்தின் தூய்மைப் பணியாளர். மதுரையில் 1940-ல் எர்ஸ்கின் மருத்துவமனையாகத் தொடங்கி இன்று அரசு இராசாசி மருத்துவமனையாக இருக்கும் பெரியாஸ்பத்திரியானாலும், எந்த மாவட்டத் தலைமை மருத்துவமனையானாலும் இந்த ஏணியைப் பார்க்கலாம். கீழே போகப் போகச் சம்பளம் குறைகிறது, ஒப்பந்தம் குறுகுகிறது, தலித்துகளின் எண்ணிக்கை கூடுகிறது.

மருத்துவர் தன்னை ஒருமையில் பேசினால் செவிலியருக்கு வலிக்கிறது. அதே செவிலியர் ஆயாவை ஒருமையில் கூப்பிடும்போது அந்த வலி எங்கே போகிறது? தலித் குடும்பத்திலிருந்து வந்த செவிலியர் பலர் விடுதியில் சாதியைச் சொல்லாமல் காலம் தள்ளுகிறார்கள். மலமெடுக்கும் வேலை தன்னுடையது இல்லை என்று காட்டிக்கொள்வதே அவர்களுக்கு ஒரு கவசம். அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஏணி அப்படிக் கட்டப்பட்டிருக்கிறது. சாதி வேலையை மட்டும் கூறு போடவில்லை, வேலை செய்பவர்களையும் ஒருவர் தலைமேல் ஒருவராக அடுக்கி வைத்திருக்கிறது என்பது பாபாசாகேப் 1936-லேயே நமக்குக் காட்டித் தந்தது. பம்பாய் நூற்பாலைகளில் நெசவுப் பிரிவில் தீண்டத்தகாதோரைச் சேர்க்கவில்லை. இழையை வாயால் உறிஞ்சி எடுக்க வேண்டும், எச்சில் படும் என்பதே காரணம். சிவப்புக் கொடிச் சங்கங்கள் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. பார்ப்பனியம், முதலாளித்துவம் இரண்டும் தொழிலாளியின் எதிரிகள் என்று 1938-ல் மன்மாடில் ரயில்வே தொழிலாளர் முன் அவர் பேசியதற்குப் பின்னால் இந்த அனுபவம் இருக்கிறது.

இன்று செவிலியருக்கு ஒரு சங்கம், அதிலும் நிரந்தரச் செவிலியருக்கு ஒன்று, தொகுப்பூதியச் செவிலியருக்கு ஒன்று. தூய்மைப் பணியாளர் வேறு கொடியின் கீழ். ஒருவர் போராடும்போது மற்றவர் வேலை பார்க்கிறார். ஒப்பந்தம் என்ற ஒரே கத்தி இரண்டு கழுத்திலும் இருக்கிறது. அதைப் பிடித்திருக்கும் கையும் ஒன்றுதான்.

நாம் செய்யக்கூடியது

கல்லூரி மாணவர்களுக்கும் களத்தில் நிற்பவர்களுக்கும் சில வேலைகளைச் சொல்லி முடிக்கிறோம். இந்திய செவிலியர் குழுமத்தின் நெறி, போதனா மருத்துவமனையில் 3 நோயாளிக்கு ஒரு செவிலியர், பொது மருத்துவமனையில் 5 நோயாளிக்கு ஒருவர், விடுப்பை ஈடுகட்ட 30 விழுக்காடு கூடுதல் என்பது. உங்கள் ஊர் மருத்துவமனையில் இரவு வார்டில் எத்தனை படுக்கைக்கு ஒருவர் நிற்கிறார் என்று எண்ணுங்கள். அனுமதிக்கப்பட்ட இடம் எத்தனை, நிரப்பியது எத்தனை, ஒப்பந்தத்தில் எத்தனை, இட ஒதுக்கீடு எப்படிப் பின்பற்றப்பட்டது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மருத்துவமனை, நர்சிங் ஹோம் வேலை தமிழ்நாட்டில் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் பட்டியலில் இருந்துவந்த தொழில். தொழிலாளர் துறை ஆய்வாளர் கடைசியாக எப்போது வந்தார் என்று விசாரியுங்கள். செவிலியப் படிப்பில் சேரும் நம் பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லி அனுப்புங்கள்: மூலச் சான்றிதழைக் கொடுக்காதே, நியமன உத்தரவு வாங்கு, சம்பளத்தை வங்கியில் போடச் சொல்.

செவிலியர் ஆர்ப்பாட்டம் நடக்கும்போது நம் அமைப்புகள் வாழ்த்துரையோடு நிற்காமல், தூய்மைப் பணியாளரையும் அழைத்துக்கொண்டு போக வேண்டும். நோயாளிகளாகவும் நாம்தான் அங்கே வரிசையில் நிற்கிறோம். பெரியாஸ்பத்திரியை விட்டால் வேறு கதியில்லாதவர்கள் நம் மக்கள். இரவில் ஒரே செவிலியர் முப்பது, நாற்பது படுக்கையைப் பார்த்தால், பார்க்கப்படாமல் போவது நம் வீட்டுக் கிழவியின் படுக்கை.

அடுத்த மே 12 அன்று யாராவது மெழுகுவர்த்தியோடு வந்து தேவதை என்று புகழ்ந்தால், மரியாதையாகக் கேட்டு வாங்கிக்கொண்டு ஒரு கேள்வி கேட்போம்: சம்பளம் எவ்வளவு? நிரந்தரம் எப்போது?

ஜெய் பீம்.